கூட்டல் எட்டு எங்கிருந்து வந்தது?

பல மாதம் ஆடிய ஒரு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக்காரரின் தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஒரு கட்டம் மட்டும் நைந்துபோயிருக்கும். உயிர்ப்புள்ளி எழுதும் கட்டம் அது. அடிபடும்போதெல்லாம் ரப்பரால் அழித்து, குணமாகும்போதெல்லாம் மறுபடி எழுதி, காகிதம் அந்த இடத்தில் மெலிந்துவிடும். விளக்குக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவும். அதே பாத்திரத்தைச் செயலியில் வைத்திருப்பவரின் திரையில் அந்தத் தழும்பு கிடையாது. எண் எப்போதும் துலக்கமாக இருக்கும். கூட்டல் ஒருநாளும் தப்பாது.

எது நல்லது என்ற பேச்சு இந்த விளையாட்டை ஆடுகிறவர்களிடையே ஓய்வதே இல்லை. பெரும்பாலும் அது பழக்கம், ரசனை என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. எனக்கு இது வெறும் ரசனையாகப் படவில்லை. பகடையின் நிகழ்தகவும், கற்றல் பற்றிய உளவியல் ஆய்வுகளும் இதில் சொல்வதற்கு நிறைய வைத்திருக்கின்றன.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிறார்கள்: வாள்வீரர், மந்திரவாதி, திருடி. "கதவை உடைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், உடையுமா உடையாதா என்பதைப் பகடையும் அந்தப் பாத்திரத்தின் தாளில் உள்ள எண்களும் சேர்ந்து முடிவு செய்யும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸும், மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசனும் சேர்ந்து உருவாக்கி, 1974-இல் மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டியில் போட்டு விற்றார்கள். முதல் பதிப்பு 1000 பிரதி. இந்த வகை விளையாட்டுகள் அனைத்துக்கும் அதுதான் மூதாதை.

அந்தப் பெட்டியிலேயே ஆறு குணங்கள் வந்துவிட்டன: வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, லாவகம், வசீகரம். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடை உருட்டிக் கூட்டவேண்டும். விழுந்தது விழுந்ததுதான், வரிசை மாற்ற முடியாது. 1974 விதிப்படி உருட்டுவது ஆடுகிறவர்கூட அல்ல, கதை நடத்துபவர். பாத்திரத்தை நீங்கள் செய்வதில்லை. உங்கள் கைக்கு அது வந்து சேர்கிறது.

மூன்று பகடையின் கூட்டலில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. தாயம் ஆடியவர்களுக்கு அது விரல் நுனியில் தெரியும். இரண்டு தாயக்கட்டையை உருட்டினால் மொத்தம் பதினாறு விதமாக விழலாம். அதில் மூன்று விழ நான்கு வழி உண்டு: ஒன்றும் இரண்டும், இரண்டும் ஒன்றும், வெறுமையும் மூன்றும், மூன்றும் வெறுமையும். ஆறு விழ ஒரே வழி, இரண்டிலும் மூன்று. பன்னிரண்டுக்கும் ஒரே வழி, இரண்டிலும் வெறுமை. அதனால்தான் பன்னிரண்டு விழுந்தால் திண்ணையே ஆர்ப்பரித்தது. மூன்று பகடையிலும் இதே சங்கதிதான். விழக்கூடிய விதங்கள் 216. பத்து விழ 27 வழி, பதினொன்று விழ 27 வழி. பதினெட்டு விழ ஒரே வழி. ஆகவே நான்கில் ஒரு முறை பத்தோ பதினொன்றோ வரும். பதினெட்டு 216-இல் ஒரு முறைதான். மூன்று பகடை உருட்டச் சொன்ன விதி, உலகத்தில் பெரும்பாலோர் நடுத்தரம், அசாதாரணர் அபூர்வம் என்ற உண்மையைச் சத்தமில்லாமல் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டது.

ஆனால் நடுத்தரமானவர்களாக ஆட யாருக்கு ஆசை? 1979-இல் வந்த விதிப்புத்தகத்தில் வேறொரு வழி முதலிடம் பெற்றது. நான்கு பகடை உருட்டு, மிகக் குறைந்ததைத் தள்ளிவிட்டு மூன்றைக் கூட்டு, வந்த ஆறு எண்களையும் விரும்பிய குணத்தில் போட்டுக்கொள். இன்றும் இது பரவலாகப் புழங்குகிறது. சராசரி 10.5-இலிருந்து ஏறக்குறைய 12.24-க்கு உயர்கிறது. பதினெட்டு விழும் வழிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான்கும் ஆறாக விழ ஒரு வழி. மூன்று ஆறும் வேறொரு எண்ணும் விழவேண்டுமென்றால், அந்த வேறொன்று நான்கில் எந்தப் பகடையாகவும் இருக்கலாம், ஒன்று முதல் ஐந்து வரை எதுவாகவும் இருக்கலாம்: இருபது வழி. ஆக 21 வழி, மொத்தம் 1296-இல். சுமார் 62-க்கு ஒன்று. 216-க்கு ஒன்று என்றிருந்தது எங்கே வந்துவிட்டது பாருங்கள்.

இதை எழுதுவதற்காகவே ஒரு பாத்திரத்தைக் கையால் செய்தேன். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதி. முதல் உருட்டல் 6, 4, 3, 1. ஒன்றைத் தள்ளினால் 13. அடுத்து 5, 5, 4, 2, 14. மூன்றாவது 6, 6, 5, 2. 17, நல்ல சகுனம். நான்காவது 3, 3, 2, 1, வெறும் 8. பிறகு 14, 11. இந்த 8-ஐ எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாமே தொடங்கியது. அறிவில் வைத்தால் வெகுளி. வசீகரத்தில் வைத்தால் யாரோடும் ஒட்டாதவள். வலிமையில் வைத்தேன். கை மெலிந்தவள், சின்ன வயதில் மூட்டை தூக்க முடியாமல் வேலையிலிருந்து துரத்தப்பட்டவள், அதனால் பூட்டுத் திறக்கக் கற்றவள். 17 லாவகத்துக்குப் போனது. அந்த 8 விழாமல் இருந்திருந்தால் இந்தப் பெண் பிறந்திருக்கவே மாட்டாள்.

இந்தப் பெண் மனித இனத்தவள் என்பதால் ஆறு எண்ணிலும் ஒன்று கூட்டிக்கொள்ளலாம். இங்கேதான் பென்சில் ஒரு பாடம் நடத்தியது. ஆட்டத்தில் பகடையோடு சேர்வது இந்த எண் அல்ல. இதிலிருந்து பத்தைக் கழித்து, பாதியாக்கி, பின்னத்தைக் கீழ்நோக்கித் தள்ளினால் வரும் மாற்றெண். 17 என்பது 18 ஆனதும் மாற்றெண் மூன்றிலிருந்து நான்காகிவிட்டது. 13 என்பது 14 ஆனதும் ஒன்று இரண்டானது. ஆனால் 14 என்பது 15 ஆகியும் எதுவும் மாறவில்லை. 8 என்பது 9 ஆகியும் அதே கழித்தல் ஒன்றுதான். ஒற்றைப்படை எண் என்பது அடுத்த படியில் கால் வைக்கக் காத்திருக்கும் எண் என்பதை விதிப்புத்தகத்தில் பலமுறை படித்திருக்கிறேன். ஆறு முறை கழித்து வகுத்தபோதுதான் அது மனதில் உட்கார்ந்தது.

பிறகு ஒளிந்து நடமாடும் திறன். லாவகத்தின் மாற்றெண் 4. பாத்திரம் அனுபவம் பெறப்பெற நிலை உயரும்; முதல் நிலைப் பாத்திரத்துக்குப் பயிற்சிப் புள்ளி 2. திருடர்கள் தேர்ந்தெடுத்த இரண்டு திறன்களில் அதை இரட்டிப்பாக்கலாம் என்பதால் இன்னொரு 2. கூட்டல் எட்டு. செயலியிலும் இதே பாத்திரத்தைச் செய்தால் திரையில் இதே கூட்டல் எட்டுதான் நிற்கும். ஆனால் அது எங்கிருந்து வந்தது? பெரும்பாலான செயலிகளில் எண்ணைத் தட்டினால் கணக்கு விரியும்; விரிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றுகிறது? கையால் கூட்டியவருக்கு, ஐந்தாம் நிலையில் பயிற்சிப் புள்ளி மூன்றாகும்போது தன் திறன் ஒன்பதாகாது, பத்தாகும் என்பது முன்கூட்டியே தெரியும். செயலியில் செய்தவர் அன்றைக்குத் திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

இந்த வித்தியாசத்துக்கு உளவியலில் பெயர் உண்டு. 1978-இல் நார்மன் ஸ்லாமெக்கா, பீட்டர் கிராஃப் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். ஒரு குழுவுக்குச் சொல் ஜோடிகளை முழுதாகக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு இரண்டாம் சொல்லின் முதலெழுத்தை மட்டும் கொடுத்து, மீதியை அவர்களே கண்டுபிடித்துச் சொல்லவேண்டும் என்றார்கள். 'பகல், இ...' என்று கொடுத்து 'இரவு' என்று சொல்லவைப்பது போல. தாமே உருவாக்கிய சொற்களை அவர்கள் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். அதன்பின் பலவிதமான சோதனைகளில் இது திரும்பத் திரும்ப உறுதிப்பட்டிருக்கிறது. விடையைப் பார்ப்பது வேறு, விடையைப் பிறப்பிப்பது வேறு. பாத்திரத் தாளில் உள்ள ஒவ்வொரு கட்டமும் இப்படிப் பிறப்பிக்கப்பட்ட ஒரு விடை.

கையெழுத்தே மூளைக்கு நல்லது என்று சொல்லிவிட்டால் என் பக்கம் இன்னும் பலமாகும். ஆனால் ஆய்வுகள் அவ்வளவு தூரம் போகவில்லை. பேனாவில் குறிப்பெடுத்த மாணவர்கள் மடிக்கணினியில் எடுத்தவர்களைவிடக் கருத்துகளை நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்று முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. 2021-இல் வேறொரு குழு அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் தெளிவாகக் கிடைக்கவில்லை. நார்வேயின் டிரான்ட்ஹைம் நகரில் 36 மாணவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து 2024-இல் வெளிவந்த ஆய்வு, கையால் எழுதும்போது மூளையின் பகுதிகளுக்கிடையே தொடர்பு விரிவாக நடப்பதைக் காட்டியது. ஆனால் அவர்கள் எழுதியது காகிதத்தில் அல்ல, தொடுதிரையில் டிஜிட்டல் பேனாவால். நினைவாற்றலை அந்த ஆய்வு நேரடியாகச் சோதிக்கவும் இல்லை. ஆகவே காகிதத்துக்கும் பென்சிலுக்கும் மந்திரசக்தி எதையும் நான் ஏற்றிச் சொல்லமாட்டேன். பலன் தருவது கணக்கை நாமே போடுவது. அதைத் திரையில் எழுதிப் போட்டாலும் பலன் பலன்தான்.

பற்று என்ற இன்னொரு பலனும் இருக்கிறது. மைக்கேல் நார்டன், டேனியல் மோசன், டான் ஏரியலி ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தாமே மடித்த காகிதப் பறவைகளுக்கும் தாமே பாகங்களைப் பொருத்திச் செய்த பெட்டிகளுக்கும் மனிதர்கள் எவ்வளவு விலை கொடுக்கத் தயார் என்று பார்த்தார்கள். கோணல்மாணலாக மடித்த பறவைக்கும், கைதேர்ந்தவர் மடித்த பறவைக்குக் கொடுப்பதை நெருங்கும் விலையை மடித்தவரே கொடுக்க முன்வந்தார். இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அவர்கள் சொன்ன ஒரு நிபந்தனை: வேலையை முடிக்காமல் பாதியில் விட்டவர்களிடம் அந்தப் பற்று இல்லை. பாத்திரம் செய்வதில் புதியவர்கள் பலர் விதிகளின் சுமை தாங்காமல் பாதியில் எழுந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். கையால் செய் என்று கட்டாயப்படுத்தி, முடிக்கவிடாமல் திணறடித்தால் பற்றும் வராது, ஆட்டமும் வராது.

செயலிகள் வந்ததே இந்தச் சுமையால்தான். 1974-இன் பாத்திரம் ஒரு சிறு அட்டையில் அடங்கிவிடும். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் நிலைமை மாறியிருந்தது. திறன்களுக்குப் புள்ளி செலவழிக்கவேண்டும். தொழிலுக்கு உரிய திறன் என்றால் ஒரு படிக்கு ஒரு புள்ளி, இல்லாவிட்டால் இரண்டு. முதல் நிலையில் மட்டும் நான்கு மடங்கு புள்ளி. பின்னால் அறிவு கூடினால், கூடிய நாளிலிருந்துதான் அதிகப் புள்ளி. பழைய நிலைகளுக்குப் பின்தேதியிட்டுக் கிடையாது. அதாவது பத்தாம் நிலைப் பாத்திரம் ஒன்றைச் சரியாகச் செய்ய, அவர் எந்த வரிசையில் வளர்ந்தார் என்ற வரலாறே தெரிந்திருக்கவேண்டும். அந்தப் பதிப்பின் விதிப்புத்தகத்தோடு பாத்திரம் செய்யும் மென்பொருளின் மாதிரி ஒரு குறுந்தகட்டில் சேர்ந்தே வந்ததில் வியப்பில்லை. ஆர்வலர்களும் பிசிஜென் என்ற திறமூல மென்பொருளை எழுதினார்கள். நம் மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடிய விஷயங்கள் நாலைந்துக்கு மேல் போவதில்லை. அதைத் தாண்டினால் கற்றல் நடக்காது, தடுமாற்றம்தான் நடக்கும் என்பதை ஜான் ஸ்வெல்லர் 1980-களிலிருந்து எழுதிவருகிறார். அந்தச் சுமையை இறக்கிவைக்க ஓர் இயந்திரம் வந்தால் அது வரம்தான்.

எழுத்துகளை வாசிக்கத் திணறுகிறவர்கள், கூட்டல் கழித்தலில் பதறுகிறவர்கள், பார்வை மங்கியவர்கள் ஆகியோருக்கு இது இன்னும் பெரிய வரம். அவர்களை மேசைக்குக் கொண்டுவருவது செயலி என்றால், என் வாதங்களையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டுச் செயலிக்கே ஓட்டுப் போடுவேன். ஒரே மாலையில் இருபது ஊர்க்காரர்களையும் பத்துக் காவலர்களையும் தயார் செய்யவேண்டிய கதை நடத்துபவருக்கும் அப்படியே.

பகடையின் நேர்மை விஷயத்திலும் இயந்திரம் தலைகுனியவேண்டியதில்லை. வெல்டன் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் 1894-இல் பன்னிரண்டு பகடைகளை 26,306 முறை உருட்டிக் கணக்கு வைத்தார். ஐந்தோ ஆறோ மூன்றில் ஒரு பங்கு விழவேண்டும், அதாவது நூற்றுக்கு 33.33. விழுந்தது 33.77. துளி வித்தியாசம்தான், ஆனால் அத்தனை உருட்டலில் அது தற்செயலாக இருக்க முடியாது. இப்படிப்பட்ட ஐயங்களைத் தீர்க்கும் கை-வர்க்கம் (chi-square) என்ற புள்ளியியல் சோதனையை கார்ல் பியர்சன் 1900-இல் வெளியிட்டபோது இந்த எண்களையே எடுத்துக்காட்டாக வைத்தார். சிகாகோவில் ஒருவர் இயந்திரம் கட்டி அதே அளவு உருட்டிப் பார்த்ததில், அவருடைய பகடைகளில் ஒன்றுக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட தடிப்பு மற்ற பக்கங்களைவிடக் கொஞ்சம் குறைவு என்பதும், அதனால் அந்த இரண்டு முகமும் சற்று அதிகம் விழுகின்றன என்பதும் தெரிந்தது. கடையில் வாங்கும் பகடை எதுவும் முழு நேர்மையானதல்ல.

கணினியிலும் கோணல் நுழையலாம். 0 முதல் 255 வரை ஓர் எண்ணை எடுத்து ஆறால் வகுத்து மீதியைப் பகடையாக்கினால், 256 ஆறால் மீதியின்றி வகுபடாததால் நான்கு முகங்கள் 43 முறையும் இரண்டு முகங்கள் 42 முறையும் வரும். 252-உம் அதற்கு மேலும் வந்தால் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி எடு என்ற ஒரு வரியைச் சேர்த்தால் சரியாகிவிடும். ஒழுங்காக எழுதிய நிரல் கடைப் பகடையைவிட நேர்மையானது. எனவே பகடையைக் கையால் உருட்டுவதற்கு நேர்மையைக் காரணம் காட்ட முடியாது. நான் உருட்டுவது வேறு காரணத்துக்காக. ஆறு எண்களும் ஒரே கணத்தில் திரையில் வந்து நின்றால் அவை ஒரு பட்டியல். ஒவ்வொன்றாக விழும்போது, 17-க்குப் பின் 8 விழும்போது, அங்கே ஒரு வாழ்க்கை நடக்கிறது.

இதை முழுதாகப் புரிந்துகொண்டது 1977-இல் மார்க் மில்லர் உருவாக்கிய டிராவலர் என்ற விண்வெளி விளையாட்டு. அதில் பாத்திரம் செய்வதே தனி ஆட்டம். பதினெட்டு வயதில் கடற்படையிலோ வணிகக் கப்பலிலோ சேர்கிறீர்கள். நான்கு நான்கு ஆண்டாகப் பணி நகர்கிறது. ஒவ்வொரு முறையும் உயிர் பிழைத்தீர்களா என்று உருட்டவேண்டும். பிறகு பதவி உயர்வு, கற்ற திறன். 34 வயதிலிருந்து மூப்பு உடலைத் தின்னத் தொடங்கும். இன்னும் நான்காண்டு இருந்தால் இன்னும் திறன், ஆனால் பிழைப்போமா? முதல் விதிகளின்படி, உயிர்ப்பு உருட்டல் தவறினால் பாத்திரம் கதைக்குள் வருவதற்கு முன்பே செத்துப்போகும். மறுபடி முதலிலிருந்து. இதைச் செய்துதரும் நிரல்கள் உண்டு. பொத்தானை அழுத்தினால் 42 வயது ஓய்வுபெற்ற மாலுமி ஒரு நொடியில் வந்து நிற்பார். ஆறு முறை வாசலில் நின்று, போகவா இருக்கவா என்று யோசித்த அந்த மனத்தவிப்பு மட்டும் வராது. டிராவலரைப் பொத்தானில் செய்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

செயலியில் இன்னொரு ஆபத்தும் உண்டு: தாள் யாருடையது என்ற கேள்வி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்காம் பதிப்புக்கு, அதை வெளியிடும் நிறுவனமே நடத்திய பாத்திர மென்பொருள் முதலில் கணினியில் இறக்கிக்கொள்வதாக இருந்தது. 2010-இல் அது இணையத்துக்கு மாறியது. அதைத் தாங்கிய தொழில்நுட்பம் வழக்கொழிந்ததும் 2020 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில், புதிய விதிப்புத்தகம் வரும்போது அதே நிறுவனத்தின் டி அண்ட் டி பியாண்ட் என்ற இணையச் சேவையில் உள்ள பழைய பாத்திரங்களின் மந்திரங்களும் புதிய விதிக்கு மாற்றப்படும் என்று அறிவிப்பு வந்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், சில நாளிலேயே அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. 1974-இல் பென்சிலால் எழுதிய தாள் பத்திரமாக இருந்தால் இன்றும் எடுத்து ஆடலாம். செயலியில் பாத்திரம் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது அதை அச்செடுத்தோ கோப்பாக இறக்கியோ வைத்துக்கொள்வது நல்லது.

என் முடிவு இது. முதல் பாத்திரத்தை, முதல் நிலையில், கையால் செய்யவேண்டும். தனியாக அல்ல, விதி தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரு கட்டம் என்று நடத்தவேண்டும். அப்படிச் செய்தால் சுமையும் தாங்கும் அளவில் இருக்கும், முடிக்கவும் முடியும், கணக்கும் உள்ளே இறங்கும். மூன்றாவது பாத்திரத்திலிருந்தோ ஐந்தாம் நிலைக்குப் பிறகோ செயலிக்கு மாறிக்கொள்ளுங்கள். அப்போது செயலி உங்களுக்குத் தெரிந்த கணக்கை வேகமாகப் போட்டுத்தரும் கையாள். அது தப்பாகப் போட்டால் உங்களுக்குத் தெரியும். தலைகீழாகத் தொடங்குகிறவர்களுக்கு, திரையில் வந்ததுதான் விதி என்றாகிவிடுகிறது.

தொடங்கப் பெரிய செலவும் இல்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியிலிருந்து எவரும் எடுத்தாளும் பொது உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு ரப்பர் போதும். ஆறு எண்களை உருட்ட வீட்டு லூடோ பெட்டியில் கிடக்கும் ஒற்றைப் பகடையே போதும்; நான்கு பகடையை ஒருமுறை உருட்டினாலும், ஒரு பகடையை நான்கு முறை உருட்டினாலும் கணக்கு ஒன்றுதான்.